கடினநீர்ச் செடித்தொட்டிக்கு அடித்தளம்: மணலா, அக்வாசாயிலா, மண்ணா?

தெளிநீர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் உள்ள நன்னீர்த் தொட்டி ஒன்றைச் செடிகளை முதன்மையாகக் கொண்டு அமைக்க இருக்கிறேன். தொட்டி, மேடை, ஃபில்டர், விளக்கு எல்லாம் தயாராக உள்ளன. அடித்தளத்தை மட்டும் முடிவு செய்ய முடியவில்லை. அக்வாசாயில் (செடித்தொட்டிக்கென விற்கும் சுட்ட மண் குருணை) இல்லாமல் செடி வளராது என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். வெறும் மணலும் ரூட் டேப்லெட்டும் (வேரருகே புதைக்கும் உரவில்லை) போதும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். தோட்ட மண்ணை அடியில் இட்டு மேலே மணலால் மூடிவிட்டால் உரமே தேவைப்படாது என்பாரும் உண்டு.

நான் வளர்க்க விரும்புபவை கிரிப்டோகோரைன் வெண்டியை, வாலிஸ்நேரியா, இரண்டோ மூன்றோ அமேசான் ஸ்வார்டு ஆகியவை. மரக்கட்டையில் கட்டுவதற்கு அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் உள்ளன. தரைவிரிப்புச் செடிகளில் இப்போதைக்கு ஆர்வமில்லை. கார்பன் டை ஆக்சைடு உருளை வைக்கும் எண்ணமும் இல்லை. விளக்கு நடுத்தர வெளிச்சம் தருவது. மீன்களில் ஒரு கூட்டம் கோரிடோராஸும் (அடித்தளத்தில் தீனி தேடும் சிறு கெளுத்தி) சிறிய டெட்ராக்களும் இருக்கும். குழாய் நீரைச் சோதித்தபோது பி.எச். 7.8, கே.எச். (கார்பனேட் கடினத்தன்மை) 9 டிகிரி, ஜி.எச். (மொத்தக் கடினத்தன்மை) 12 டிகிரி என்று காட்டியது.

என் கேள்விகள் இவை. மேற்சொன்ன மூன்றில் இந்தத் தொட்டிக்குப் பொருத்தமானது எது? எவ்வளவு ஆழம் இட வேண்டும்? மணலை ஆழமாக இட்டால் அடியில் நச்சு வாயு உருவாகி மீன்கள் இறந்துவிடும் என்று சொல்லப்படுவது உண்மையா? மேலும், பழைய தொட்டி ஒன்றிலிருந்து எடுத்து வைத்த வெளிர்நிறச் சரளை ஒரு மூட்டை என்னிடம் இருக்கிறது. அதைக் கலந்து பயன்படுத்தலாமா?

வேரடி

வணக்கம் நண்பரே. நீரின் அளவீடுகளையும் செடி, மீன் பட்டியலையும் கேள்வியிலேயே கொடுத்துவிட்டதால் பதில் எளிதாகிறது. பெரும்பாலானவர்கள் மூட்டையை வாங்கிய பிறகுதான் நீரைச் சோதிக்கிறார்கள்.

உங்கள் நீரில் கே.எச். 9 டிகிரி இருப்பதுதான் இங்கே முதலில் பார்க்க வேண்டிய செய்தி. அக்வாசாயில் என்பது இயற்கை மண்ணைக் குருணையாக்கிச் சுட்டு எடுப்பது. அதன் துகள்கள் நீரிலுள்ள கால்சியம், மெக்னீசியம் அயனிகளைப் பிடித்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாக ஹைட்ரஜன் அயனிகளை வெளியிடுகின்றன. அந்த ஹைட்ரஜன் அயனிகள் நீரிலுள்ள பைகார்பனேட்டுடன் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாறிவிடுவதால் கே.எச். இறங்குகிறது, அதைத் தொடர்ந்து பி.எச். 6-க்கும் 7-க்கும் இடையே வந்து நிற்கிறது. மென்னீர் உள்ளவர்களுக்கு இந்த ஆற்றல் நெடுநாள் நீடிக்கும். உங்களைப் போல் கடினநீர் உள்ளவர்களுக்கோ ஒவ்வொரு முறை நீர் மாற்றும்போதும் புதிதாக வரும் பைகார்பனேட் அந்த ஆற்றலைத் தின்றுகொண்டே இருக்கும். சில மாதங்களில் அது தீர்ந்துபோகும். அதுவரையில் தொட்டி நீர் ஒரு பி.எச்.சிலும் குழாய் நீர் வேறொரு பி.எச்.சிலும் இருக்க, நீர் மாற்றும் நாளெல்லாம் மீன்களுக்கு ஊசலாட்டமாக இருக்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. புதிய அக்வாசாயில்களில் பல முதல் சில வாரங்களுக்கு அம்மோனியாவை வெளியிடுகின்றன. அமிலத்தன்மையுள்ள நீரில் அதில் பெரும்பகுதி நச்சு குறைந்த அம்மோனியமாகவே இருந்துவிடும். 25 டிகிரி செல்சியஸில் பி.எச். 7 ஆக இருக்கும்போது மொத்தத்தில் ஏறத்தாழ 0.6 விழுக்காடுதான் நச்சான அம்மோனியாவாக இருக்கும். அதே நீர் பி.எச். 8-ஐத் தொட்டால் அது 5 விழுக்காட்டுக்கு மேல் ஏறிவிடும். அதாவது, அம்மோனியாவைக் குறைப்பதற்காக நீங்கள் ஊற்றும் கடினநீரே மீதமிருப்பதை நச்சாக்கும். மீன் விடுவதற்கு முன் நான்கு முதல் ஆறு வாரங்கள் பொறுத்திருந்தால் இது பொருட்டல்ல. பொறுமை இல்லாதவர்களின் தொட்டியில்தான் இது விளையாடிவிடும்.

இப்போது செடிகளைப் பாருங்கள். அனுபியாஸுக்கும் ஜாவா ஃபெர்னுக்கும் அடித்தளமே தேவையில்லை. அவற்றின் கிழங்குத் தண்டைப் புதைத்தால் அழுகிவிடும். வாலிஸ்நேரியா நீரிலுள்ள பைகார்பனேட்டையே கரிம மூலமாகப் பயன்படுத்திக்கொள்ளக் கூடியது. உங்கள் நீர் அதற்கு வாய்ப்பான நீர். கிரிப்டோகோரைன் வெண்டியை கடினநீரைப் பொறுத்துக்கொள்ளும். வேரின் வழியாக நிறையச் சாப்பிடுபவை அதுவும் அமேசான் ஸ்வார்டும்தான். ஆக, உங்கள் பட்டியலில் அக்வாசாயில் கிடைத்தே தீர வேண்டிய செடி எதுவும் இல்லை. கோரிடோராஸோ மூக்குவரை மணலுக்குள் நுழைத்து, வாயில் அள்ளிச் செவுள் வழியாக வெளியேற்றித் தீனி தேடும் மீன். அதற்கு உருண்டையான மென்மணல் இருந்தால்தான் அந்த இயல்பையே நாம் பார்க்க முடியும்.

எனவே என் பரிந்துரை, துகள் அளவு 0.5 முதல் 1 மி.மீ. வரை உள்ள, முனை மழுங்கிய சிலிகா மணல். நீச்சல்குள ஃபில்டர்களில் இடப்படும் மணல் பெரும்பாலும் இந்த அளவிலேயே சலித்து வருவதால் நன்றாகப் பொருந்தும். இதைவிட நுண்ணிய மணல் இறுகிப்போய் வேர்களுக்கும் நீரோட்டத்துக்கும் வழிவிடாது, 3 மி.மீ.க்கு மேற்பட்ட சரளையிலோ தீனியும் கழிவும் இடுக்குகளில் இறங்கி, கோரிடோராஸின் வாய்க்கு எட்டாமல் அழுகும். கோரிடோராஸின் மீசைகள் தேய்வதற்குக் கல்லின் கூர்மையைக் காட்டிலும் இப்படித் தேங்கும் அழுக்கே பெரும்பாலும் காரணம் என்பது என் கணிப்பு.

ஆழம் முன்புறம் 4 செ.மீ., பின்புறம் 8 செ.மீ. என்று சரிவாக இருக்கட்டும். சராசரி 6 செ.மீ. என்று கொண்டால் 90 × 45 × 6 = 24,300 கன செ.மீ., அதாவது 24.3 லிட்டர். உலர்ந்த மணல் லிட்டருக்கு 1.5 முதல் 1.6 கிலோ வரை இருக்குமாதலால் சுமார் 38 கிலோ வாங்க வேண்டியிருக்கும். மேடையின் பாரத்தைப் பற்றிக் கவலைப்பட்டால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த மணல் ஏறத்தாழ 14 லிட்டர் நீரின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், தொட்டியில் உண்மையாகக் கூடும் எடை 24 கிலோ அளவில்தான் இருக்கும்.

சரளையைப் பற்றிச் சோதிக்காமல் எதுவும் சொல்ல முடியாது. ஒரு கைப்பிடியைக் காயவைத்து அதன்மேல் வினிகர் சில சொட்டுகள் விட்டு, வெளிச்சத்தில் வைத்து உற்றுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்புக்கல்லோ சிப்பித்தூளோ இருக்கிறது. நுரைக்காவிட்டாலும் உடனே நம்பிவிட வேண்டாம். டோலமைட் போன்ற கற்கள் வினிகர் போன்ற மெல்லமிலத்தில் கண்ணுக்குத் தெரியும்படி நுரைப்பதில்லை. ஆர்.ஓ. நீரில் ஒரு வாரம் ஊறப்போட்டு, முன்னும் பின்னும் கே.எச்., ஜி.எச். அளந்து பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். குழாய் நீரில் ஊறப்போட்டால், அது ஏற்கெனவே கடினமானது என்பதால் மாற்றம் தெளிவாகத் தெரியாது.

பாசிப்பச்சை

வேரடி அவர்கள் சொன்ன வேதியியலில் எனக்கு மறுப்பில்லை; அதிலிருந்து அவர் எடுத்த முடிவில்தான் சற்று மாறுபடுகிறேன். கே.எச்.சைக் குறைக்கும் ஆற்றல் தீர்ந்துவிட்டால் அக்வாசாயிலே பயனற்றுப் போய்விடுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. துகள்களின் அயனிப் பரிமாற்றத் திறன் அப்போதும் இருந்துகொண்டுதான் இருக்கும். அம்மோனியம், பொட்டாசியம், இரும்பு போன்றவற்றைப் பிடித்து வைத்திருந்து வேருக்குக் கொடுக்கும். சிலிகா மணலில் இந்தத் திறன் இல்லையென்றே சொல்லலாம். டேப்லெட்டைப் புதைத்த இடத்தைச் சுற்றி மட்டும் உணவு இருக்கும், அதற்கு அப்பால் வேர் வெறும் மணலில்தான் நிற்கும். நுண்வேர்ச் செடிகள் அக்வாசாயிலில் பிடித்துக்கொள்ளும் வேகத்தை மணலில் எதிர்பார்க்க முடியாது.

இன்று தரைவிரிப்புச் செடிகளில் ஆர்வமில்லை என்கிறீர்கள். விளக்கின் அடியில் ஒரு செடி நன்றாக வந்துவிட்டால் அந்த ஆர்வம் தானாக வந்துவிடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் கோரிடோராஸ் இருப்பதால் முழுத் தொட்டிக்கும் அக்வாசாயிலைப் பரிந்துரைக்க மாட்டேன். தொட்டியின் பின்பாதியில் அக்வாசாயில், முன்பாதியில் மணல், இரண்டுக்கும் நடுவே கற்களை வரிசையாக அடுக்கிய தடுப்பு என்று பிரித்துவிடலாம். கற்களுக்கு இடையிலுள்ள சந்துகளைச் சிறு கற்களாலும் பஞ்சாலும் நன்றாக அடைக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம்: அக்வாசாயிலை அடியில் பரப்பி அதன்மேல் மணலை மூடுவது. மணல் துகள் சிறியதும் கனமானதுமாக இருப்பதால் குருணைகளின் இடுக்கு வழியே கீழே இறங்கும். பெரிய, எடை குறைந்த குருணைகள் மேலே வந்துவிடும். ஒரு செடியைப் பிடுங்கினாலே இரண்டும் கலந்து தொட்டி அலங்கோலமாகிவிடும், பிறகு பிரிக்க வழியில்லை.

நீரின் கடினத்தன்மையைக் குறைக்க ஆர்.ஓ. நீரையும் குழாய் நீரையும் சம அளவில் கலந்தால் கே.எச். 4.5 அளவுக்கு வந்துவிடும். அந்த அளவில் அக்வாசாயிலின் ஆயுளும் கூடும், டெட்ராக்களுக்கும் நல்லது. ஒவ்வொரு வாரமும் அப்படிக் கலந்து ஊற்ற முடியுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். முடியாதென்றால் வேரடி சொன்ன வழியே சரி.

கரைமண்

மண் அடித்தளத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் மண் தொட்டிக்காரன், ஆனாலும் உங்களுக்கு அதை அரைமனதாகத்தான் பரிந்துரைப்பேன்.

மண்ணின் பெரிய நன்மை உரம் என்று எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், கார்பன் டை ஆக்சைடு உருளை இல்லாத தொட்டியில் அதைவிடப் பெரிய நன்மை மண்ணிலுள்ள கரிமப் பொருள் மெல்ல மக்கும்போது வெளிப்படும் கார்பன் டை ஆக்சைடுதான். முதல் சில மாதங்களில் செடிகள் பாய்ந்து வளர்வதற்கு அதுவும் ஒரு காரணம். தவிர, ஆக்சிஜன் குறைந்த மண்ணடுக்கில் இரும்பு கரையும் வடிவத்தில் இருக்கும். உங்கள் நீரைப் போன்ற பி.எச். உயர்ந்த நீரில் திரவ உரமாக ஊற்றும் இரும்பு விரைவில் வீழ்படிவாகி வீணாகும், இ.டி.டி.ஏ. பிணைப்புள்ள இரும்பு உரங்கள் அத்தகைய நீரில் நிலைப்பதில்லை, டி.டி.பி.ஏ. பிணைப்புள்ளவை ஓரளவு தாங்கும். ஆகவே இரும்பை வேர்ப்பகுதியிலேயே கொடுப்பது கடினநீர்த் தொட்டிக்கு எப்போதும் நல்லது, அது மண் வழியாக இருந்தாலும் டேப்லெட் வழியாக இருந்தாலும்.

செய்வதென்றால் இப்படிச் செய்யுங்கள். உரமோ எருவோ பூச்சிமருந்தோ கலக்காத மண்ணாக இருக்க வேண்டும். சலித்து, மரத்துண்டு, வேர், இலை போன்றவற்றை நீக்க வேண்டும். அவை அடியில் அழுகித்தான் நாற்றம் வருகிறது. பிறகு வாளியில் நீரூற்றிக் கலக்கி, மிதப்பவற்றை வடித்துவிட்டு, மண்ணைப் பரப்பிக் காயவிட வேண்டும். நனைப்பதும் காயவிடுவதுமாக இதைச் சில முறை திரும்பச் செய்தால் எளிதில் மக்கும் பொருள்கள் தொட்டிக்கு வெளியிலேயே மக்கித் தீர்ந்துவிடும். மண் 2.5 செ.மீ.க்கு மேல் வேண்டாம். மூடும் மணலோ சரளையோ அதைவிடத் தடிப்பாக, 3 செ.மீ. அளவுக்காவது இருக்கட்டும். கண்ணாடியை ஒட்டி ஒரு விரலகலம் மண் போடாமல் மணலாகவே விட்டால் வெளியிலிருந்து பார்க்கக் கறுப்புக் கோடு தெரியாது.

இனி, ஏன் அரைமனது என்றால், அமேசான் ஸ்வார்டு முதிர்ந்துவிட்டால் அதன் வேர்கள் தொட்டியின் பாதியைப் பிடித்துவிடும். அதை இடம் மாற்ற வேண்டுமென்று பிடுங்கினால் அடியிலுள்ள சேறு முழுவதும் மேலே வந்துவிடும். செடிகளை அடிக்கடி இடம் மாற்றிப் பார்க்கும் பழக்கமுள்ளவர்களுக்கு மண் தொட்டி ஒத்துவராது. முதல் தொட்டியில் அந்தப் பழக்கம் இல்லாதவரை நான் கண்டதில்லை.

தெளிநீர்

மூவருக்கும் மிக்க நன்றி. சரளையின் மேல் வினிகர் விட்டேன். ஊசிமுனையளவு குமிழிகள் வெள்ளைக் கற்களின் மேல் மட்டும் வரிசையாக எழுந்தன, பழுப்புக் கற்களில் எதுவும் இல்லை. ஆகவே அதை ஒதுக்கிவிட்டேன். ஆர்.ஓ. நீரை ஒவ்வொரு வாரமும் அந்த அளவுக்குக் கலப்பது என்னால் இயலாது. மண் தொட்டியைப் பற்றிக் கரைமண் அவர்கள் இறுதியாக எழுதியது என்னைப் பற்றியே எழுதியதாகத் தோன்றியது. ஆகையால் சிலிகா மணல் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு மாதிரியை வாங்கி வினிகரிலும் ஆர்.ஓ. நீரிலும் சோதித்தும் பார்த்துவிட்டேன், எந்த மாற்றமும் இல்லை.

மீதமிருப்பவை இரண்டு: அந்த நச்சு வாயு பற்றிய ஐயம், கழுவுவதிலிருந்து நடுவது வரை எந்த வரிசையில் செய்வது என்பது.

நத்தைக்கூடு

வாயுவைப் பற்றி மட்டும் நான் சொல்லிவிடுகிறேன்.

அஞ்சப்படும் வாயு ஹைட்ரஜன் சல்பைடு. ஆக்சிஜனும் நைட்ரேட்டும் தீர்ந்துபோன இடத்தில், அழுகும் கரிமப் பொருள் நிறைய இருந்தால், சல்பேட்டைக் குறைக்கும் பாக்டீரியாக்கள் அதை உருவாக்குகின்றன. நச்சுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது சிறிது சிறிதாக மேலே கசியும்போது, மணலின் மேற்பரப்பிலும் தொட்டி நீரிலும் உள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து நச்சு நீங்கிவிடுகிறது. கழுவிய மணலில், 8 செ.மீ. ஆழத்தில், வேர் நிறைந்த தொட்டியில் இதனால் மீன் சாகும் என்று நான் அஞ்ச மாட்டேன். நீர்ச்செடிகளின் வேர்கள் தம்மைச் சுற்றி ஆக்சிஜனைக் கசியவிடுகின்றன. அதனால் செடி அடர்ந்த இடத்தில் அடித்தளம் முழுவதும் ஆக்சிஜனற்றுப் போவதில்லை. உண்மையான ஆபத்து ஒன்றே ஒன்று: பல ஆண்டுகள் கிளறாமல் கிடந்த, அழுக்கேறிய ஆழமான அடித்தளத்தை, மீன்கள் உள்ளே இருக்கும்போதே ஒரேயடியாகப் புரட்டிப்போடுவது. அதைச் செய்ய நேர்ந்தால் மீன்களை முதலில் வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.

மணலைக் குத்தும்போது எழும் குமிழிகளையெல்லாம் ஹைட்ரஜன் சல்பைடு என்று கருத வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும்தான் இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள். அதோடு பிடுங்கிய வேர் கறுத்துக் கொழகொழவென்று இருந்தால் அந்த இடத்தில் அழுக்கு தேங்கியிருக்கிறது என்று பொருள். கண்ணாடியோரம் தெரியும் கறுப்புத் திட்டு இரும்பு சல்பைடு. பார்க்க நன்றாக இருக்காதே தவிர, அந்தத் திட்டால் மீனுக்குத் தீங்கில்லை.

மலேசியன் டிரம்பெட் நத்தைகள் சிலவற்றை விட்டுவைப்பதும் நல்லது. பகலில் மணலுக்குள் புதைந்து ஊர்ந்து மேல் அடுக்கைத் தளர்த்திக்கொண்டே இருக்கும். தீனி மிகுந்தால் கணக்கில்லாமல் பெருகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அது நத்தையின் குற்றமன்று.

வேரடி

நத்தைக்கூடு அவர்கள் சொன்னதற்கு மேல் வாயுவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வேலையின் வரிசைக்கு வருகிறேன்.

கழுவுவதை அவசரப்படாமல் செய்யுங்கள்; பின்னால் வரும் கலங்கலில் பாதி இங்கேயே தீரும். வாளியில் கால்பங்குக்கு மேல் மணல் போட வேண்டாம். குழாயின் முனையை மணலின் அடிவரை செருகி, நீரை வேகமாகத் திறந்து, கையால் அடியிலிருந்து மேலாகப் புரட்டினால் தூசு பால்போல் கலங்கி மேலே வரும். மணல் கீழே தங்கிய கணத்தில் கலங்கலைச் சாய்த்து ஊற்றிவிடுங்கள். புரட்டிய சில நொடிகளில், நீருக்கடியில் உங்கள் விரல்நகம் தெளிவாகத் தெரியும்வரை இதைத் தொடர வேண்டும். கழுவிய நீரைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் விட்டால் நுண்மணல் படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். திறந்த வெளியில் கொட்டுங்கள். சோப்பு, டிடர்ஜென்ட் எதுவும் கிட்டவே வரக் கூடாது.

தொட்டியில் மணல் இறங்குவதற்கு முன் கனமான கற்களையும் கட்டைகளையும் வைத்துவிட வேண்டும். கற்களை மணலின்மேல் வைத்தால் கோரிடோராஸோ நத்தையோ அடியில் தோண்டும்போது அவை சரிந்து கண்ணாடியில் மோதக் கூடும். கீழ்க்கண்ணாடியின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை விரித்து, அதன்மேல் கல் அசையாமல் நிற்கிறதா என்று கையால் தள்ளிப் பார்த்துவிட்டு, பிறகு சுற்றிலும் மணலை நிரப்புங்கள். பின்மூலைகளை இன்னும் உயர்த்த விரும்பினால் எரிமலைக்கல் துண்டுகளை வலைப்பையில் கட்டி அடியில் வைத்து மேலே மணலிடலாம். எடையும் குறையும், நீரும் உள்ளே ஊடுருவும்.

சரிவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நீங்கள் இன்று அமைக்கும் சரிவு அப்படியே நிற்காது. மீனும் நீரோட்டமும் நத்தையும் சேர்ந்து ஓராண்டில் மணலைச் சமமாக்கிவிடும். சரிவுக்குக் குறுக்கே, தொட்டியின் நீளவாக்கில், 5 செ.மீ. உயரமுள்ள பிளாஸ்டிக் பட்டைகளையோ தட்டையான கற்களையோ மணலுக்குள் மறைத்துப் பதித்தால் சரிவு நெடுநாள் தாங்கும். வாலிஸ்நேரியாவும் ஸ்வார்டும் பின்புறம் வேரூன்றிவிட்ட பிறகு அவற்றின் வேர்வலையே மணலைப் பிடித்துக்கொள்ளும்.

நடும்போது தொட்டியில் நீர் நிறைந்திருக்க வேண்டாம். மணலின் மேல்மட்டம் வரை மட்டும் நீர்விட்டு, செடிகளின் இலைகள் வாடாமல் அவ்வப்போது நீர் தெளித்துக்கொண்டு நடுங்கள். ஈரமணல் செடியைக் கவ்விப் பிடிக்கும். உலர்மணலில் குழி தானாக மூடிக்கொள்ளும். ஸ்வார்டின் நீண்ட வேர்களை 5 செ.மீ. விட்டுக் கத்தரித்துவிட்டால் நடுவது எளிது, புதுவேரும் விரைவில் வரும். வேருக்கும் இலைக்கும் நடுவேயுள்ள வெளிறிய கழுத்துப்பகுதி மணலுக்கு மேலே இருக்க வேண்டும்; சற்று ஆழமாகப் புதைத்துவிட்டு, பிறகு கழுத்து வெளியே தெரியும்வரை மெல்ல மேலே இழுத்தால் வேர்கள் கீழ்நோக்கி நேராக அமையும். வாலிஸ்நேரியாவின் கழுத்தையும் சேர்த்துப் புதைத்தால் அழுகிவிடும். அதில் மட்டும் கூடுதல் கவனம் தேவை.

நீரை நிரப்பும்போது மணலின்மேல் ஒரு தட்டை வைத்து, அதன் நடுவில் மெல்லிய தாரையாக விழவிடுங்கள். முதல் நாள் கலங்கல் இருந்தால் ஃபில்டரில் நுண்பஞ்சு வைத்தால் போதும். அதற்குப் பிறகும் நீங்காமல் வெண்மையாகக் கலங்கியிருந்தால் அது மணல்தூசு அன்று, பாக்டீரியாப் பெருக்கம். பொறுத்திருந்தால் தானே தெளியும்.

மணல் தானாக அம்மோனியா தராது என்பதால் சைக்கிளிங் (அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களை மீன் விடுமுன் வளர்த்தல்) செய்ய நீங்கள்தான் அதைக் கொடுக்க வேண்டும். லிட்டருக்கு 2 மி.கி. அளவுக்கு அம்மோனியா சேர்த்து, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வந்துவிட்டால் தொட்டி மீனுக்குத் தயார். நோயில்லாத பழைய தொட்டி ஒன்றின் ஃபில்டர் பஞ்சைப் பிழிந்த அழுக்குநீர் கிடைத்தால் இந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறையும்.

தெளிநீர்

மிகத் தெளிவாக விளங்கியது. ஒரே ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது: ரூட் டேப்லெட்டுகளை நடும் அன்றே புதைப்பதா, செடி பிடித்த பிறகு புதைப்பதா? பராமரிப்பில் சைஃபனை (கழிவை உறிஞ்சும் குழாய்) மணலுக்குள் எவ்வளவு ஆழம் விடலாம்?

வேரடி

ஸ்வார்டுக்கு நடும் அன்றே வைத்துவிடலாம்; ஒவ்வொரு செடிக்கும் கழுத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி இரண்டு டேப்லெட் போதும். கிரிப்டோகோரைன் புது இடத்துக்கு வந்ததும் பழைய இலைகளை உருகவிட்டு நிற்கும் இயல்புடையது. அப்போது அது உரத்தை எடுப்பதில்லை என்பதால், புதிய இலைகள் இரண்டு மூன்று வந்த பிறகு வைத்தால் வீணாகாது. உருகிய இலைகளைக் கத்தரித்துவிடுங்கள், செடி செத்துவிட்டதோ என்று வேரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம். வாலிஸ்நேரியா படர்ந்த பிறகு 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் ஒன்று என்று வைக்கலாம். டேப்லெட்டை இடுக்கியால் பிடித்து மணலின் அடிவரை அழுத்தி, இடுக்கியை மெல்லத் திறந்து எடுங்கள். மேலாக வைத்தால் கோரிடோராஸ் தோண்டி வெளியே எடுத்துவிடும், அது கரைந்து பாசிக்குத்தான் உணவாகும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுப்பித்தால் போதுமானது. அதற்கு முன்பே ஸ்வார்டின் புதிய இலைகள் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளிறியும் வந்தால் இரும்புக் குறைவு என்று கருதி அந்தச் செடிக்கு மட்டும் ஒன்று கூடுதலாக வையுங்கள்.

சைஃபனைச் செடிகள் இருக்கும் பகுதியில் மணலுக்குள் விடவே வேண்டாம். மணலுக்கு ஒரு விரலகலம் மேலே பிடித்து வட்டமாகச் சுழற்றினால் மேலே படிந்த கழிவு மட்டும் எழும்பி உள்ளே போய்விடும். கோரிடோராஸுக்குத் தீனி இடும் முன்புற வெற்றிடத்தில் மட்டும் ஒன்றிரண்டு செ.மீ. ஆழம்வரை கிளறிச் சுத்தம் செய்யுங்கள்.